வராதவர் இடத்தில் யார்?

வெள்ளிக்கிழமை இரவு பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை. எங்களால் ஒதுக்க முடிந்த நேரம் அவ்வளவுதான். சிங்கப்பூரில் உயர்நிலைப் பள்ளிக் காலத்தில் சேர்ந்து மேப்பிள்ஸ்டோரி விளையாடிய ஐந்து பேர், இப்போது முப்பதைத் தாண்டிவிட்டோம். ஒருத்தி மருத்துவமனையில் தாதி; அவளுடைய பணி நேரம் வாரத்துக்கு வாரம் மாறும். ஒருவனுக்குப் பொங்கோலில் வீடு, வீட்டில் இரட்டைக் குழந்தைகள். ஒருவனுக்குத் துவாஸ் துறைமுகத்தில் ஷிஃப்ட் வேலை. அடுத்து நான். ஐந்தாமவர் என் பெரியம்மா மகன். ஒரு வயது மூத்தவர் என்பதால் மற்ற நால்வருக்கும் அவர் அண்ணன். மறுபடி ஓர் இணைய விளையாட்டில் சேர்ந்து இறங்குவது என்று தீபாவளி விருந்தில் முடிவாயிற்று. எந்த விளையாட்டு என்பது மட்டும் பொங்கல் வரை இழுத்துக்கொண்டே போனது.

ஒப்பிட்டுச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. விலை, படத்தரம், கதை என்று வழக்கமான அளவுகோல்களை வைத்துப் பார்த்தேன். ஒன்றும் உதவவில்லை, பட்டியலில் இருந்த எல்லாமே நல்ல விளையாட்டுகள். கடைசியில் ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொண்டேன். ஐவரில் இரண்டு பேர் வராத வெள்ளிக்கிழமைகள் நிறைய இருக்கப்போகின்றன. அன்றைக்கு அந்தக் காலி இடத்தை யார் நிரப்புவார்?

கேள்வி சின்னதுதான். ஆனால் பல ஆயிரம் பேர் ஒரே உலகத்தில் உலவும் பாத்திர விளையாட்டுகளின் கால் நூற்றாண்டுக் கதையை இந்த ஒரு கேள்வியை வைத்தே சொல்லிவிடலாம்.

முதலில் ஒரு சொல் விளக்கம். டன்ஜன் என்றால் நிலவறை. குகை, கோட்டை, கல்லறை எதுவாகவும் இருக்கலாம். உள்ளே அரக்கர்களும் புதையலும் இருந்தால் சரி. சர்வர் என்பது சில ஆயிரம் பேர் குடியிருக்கும் தனி உலகம், ஓர் ஊர் மாதிரி. பழைய விளையாட்டுகளில் ஒரு சர்வருக்கு ஒரு நிலவறை. யார் வேண்டுமானாலும் நுழையலாம், நாம் போகும்போதே உள்ளே ஆள் இருக்கும். இன்ஸ்டன்ஸ் என்ற ஏற்பாடு வந்த பிறகு, வாசலைத் தாண்டும் ஒவ்வொரு குழுவுக்கும் அதே நிலவறையின் தனிப்பிரதி ஒன்று கிடைத்தது. நூறு குழுக்கள் ஒரே நேரத்தில் ஒரே அரக்கனைக் கொல்லலாம், யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

பொது நிலவறைக்கு 1999 மார்ச்சில் வந்த எவர்குவெஸ்ட் நல்ல உதாரணம். அதில் குக் என்று ஒரு பாழ்நகரம் உண்டு, தவளை மனிதர்களின் ஊர். அதன் ஆழத்தில் வெறிபிடித்த பேய் ஒன்று எழும். அதைக் கொன்றால் சில சமயம் கறுப்புப் பட்டுக் கச்சை ஒன்று கிடைக்கும். இடுப்பில் கட்டினால் கைவீச்சு வேகமாகும். சர்வரில் சண்டைக்காரர் அத்தனை பேருக்கும் அந்தக் கச்சை வேண்டும், பேயோ ஒன்றுதான். அதுவும் நினைத்தபோது எழாது. பல தடவை அதன் இடத்தில் சாதாரணப் பேய்தான் எழுந்து நிற்கும். ஆகவே ஒரு குழு அந்த அறையில் உட்கார்ந்துவிட்டால் அறை அவர்களுடையது என்பது வழக்கமாயிற்று. புதிதாக வருபவர் வாசலில் நின்று எந்த அறையில் யார் இருக்கிறார் என்று கேட்க வேண்டும், பதில் வந்ததும் வரிசையில் பெயர் சொல்ல வேண்டும். நம் உணவங்காடி நிலையத்தில் டிஷ்யூ பாக்கெட் வைத்து மேசை பிடிப்பதை எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆனாலும் மதிய நேரத்தில் அந்தப் பாக்கெட்டைத் தள்ளிவிட்டு உட்கார்ந்து பாருங்கள், தெரியும்.

அங்கே காலி இடம் தானாக நிரம்பியது. குழுவில் ஒருவருக்குத் தூக்கம் வந்தால், வரிசையில் நிற்பவர் வந்து அமர்வார். பேய் எழும்வரை செய்வதற்கு ஒன்றும் இல்லாததால் பேசித்தான் ஆக வேண்டும். சண்டை கைமீறிப் போய் ஒருவர் வாசலை நோக்கி ஓடினால், துரத்தும் அரக்கர்கள் அத்தனை பேரும் ரயில் பெட்டிகள்போல் பின்னால் வருவார்கள். வழியில் உட்கார்ந்திருப்பவர்கள் மாள்வார்கள். அதனால் "ரயில் வருகிறது" என்று முன்கூட்டியே கூவிக்கொண்டு ஓடுவது மரியாதை. கூவாமல் ஓடியவர் பெயர் அன்று இரவே ஊரெல்லாம் பரவிவிடும்.

இதைப் பொற்காலம் என்று எழுதுபவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. 2002இல் ஜப்பானில் வெளிவந்த ஃபைனல் ஃபேன்டஸி 11இல் ஃபாஃப்னிர் என்றொரு டிராகன். அது செத்தால் 21 மணி நேரம் கழித்து, 24 மணி நேரத்துக்குள், எப்போது வேண்டுமானாலும் மறுபடி எழும். அந்த மூன்று மணி நேரமும் போட்டிக் கூட்டங்கள் ஒரே இடத்தில் கண்கொட்டாமல் நிற்கும். முதலில் கைவைத்தவருக்கே டிராகன் சொந்தம் என்பதால், மனித விரலை முந்துவதற்கு நிரல் எழுதி வைத்துக்கொண்டவர்களும் இருந்தார்கள். இதை அண்ணனிடம் சொன்னேன். தேசிய சேவையில் காவல் நின்றதே இந்த ஜென்மத்துக்குப் போதும் என்றார். இன்ஸ்டன்ஸ் இல்லாத நிலவறைகளோடு 2024 டிசம்பரில் முன்னோட்டமாக வெளிவந்த பான்தியன், பழைய எவர்குவெஸ்ட்டை அப்படியே மீட்டெடுத்து நடத்தும் புராஜெக்ட் 1999 இரண்டும் எங்கள் பட்டியலில் இருந்தன. இரண்டு மணி நேரத்தில் பாதி வரிசையில் நிற்பதற்கே போய்விடும் என்பதால் இரண்டையும் அடித்துவிட்டோம்.

தனிப்பிரதி என்ற யோசனையை இணைய உலகத்தில் பெரிய அளவில் முதலில் செய்து காட்டியது 2001இல் வந்த அனார்க்கி ஆன்லைன். எவர்குவெஸ்ட்டே 2003இல் தன் நிலவறைகளில் சிலவற்றைப் பிரதி போட ஆரம்பித்தது. 2004 நவம்பரில் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் வந்ததும் அதுவே எழுதாத விதியாகிவிட்டது. இதில் கிடைத்த லாபத்தைக் குறைத்துப் பேசக் கூடாது. பொது நிலவறையில் எந்த அரக்கனுக்கும் ஒரே மருந்துதான்: இன்னும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வருவது. உள்ளே இத்தனை பேர்தான் என்று உறுதியான பிறகுதான் வடிவமைப்பாளர்களால் ஒரு சண்டையை நாடகம்போல் காட்சி காட்சியாகக் கட்ட முடிந்தது.

சமூகம் அப்போதே செத்துவிட்டது என்று சொல்வதும் தவறு. வார்கிராஃப்டின் ஆரம்பப் பெருஞ்சண்டையான மோல்டன் கோருக்கு 40 பேர் வேண்டும். நாற்பது பேரை ஒரே இரவில் ஒரே வாசலில் கொண்டுவந்து நிறுத்துவது கல்யாணப் பந்தி நடத்துவதற்குச் சமம். கிடைக்கும் ஆயுதமோ ஒன்று இரண்டு. யாருக்குக் கொடுப்பது? எவர்குவெஸ்ட் காலத்துக் கில்டுகள், அதாவது ஆட்டக்காரர்களின் நிரந்தரச் சங்கங்கள், கண்டுபிடித்த புள்ளிக் கணக்கு இங்கே வந்து சேர்ந்தது. ஒவ்வொரு சண்டைக்கும் வந்தவர் கணக்கில் புள்ளி ஏறும், வேண்டிய பொருள் விழும்போது சேர்த்த புள்ளியை வைத்து ஏலம் கேட்கலாம். நம் அம்மாக்கள் இதை ஏலச்சீட்டு என்பார்கள். சீட்டுக் கட்டியவர் பாதியில் ஓடினால் என்ன பெயர் கிடைக்குமோ, அதே பெயர்தான் அங்கும் கிடைத்தது. கதவு தனிதான், ஆனால் கதவுக்கு வெளியே ஊர் இருந்தது.

ஊரைக் கலைத்தது 2009 டிசம்பரில் வந்த தேடல் வசதி. ஒரு பொத்தானை அழுத்தினால், இயந்திரமே பல சர்வர்களிலிருந்து ஐந்து பேரைப் பொறுக்கி எடுத்து நேராக நிலவறைக்குள் இறக்கிவிடும். நடக்க வேண்டாம், கேட்க வேண்டாம். வேடிக்கை என்னவென்றால், ஆள் சேர்க்கும் இயந்திரம் புதிதல்ல. 2005லேயே ஒவ்வொரு நிலவறை வாசலிலும் அதற்கென ஒரு கல்லை நட்டு வைத்திருந்தார்கள். அதை அதிகம் பேர் சீண்டவில்லை. அந்தக் கல் ஒரே சர்வருக்குள் தேடியது, புதிய பொத்தான் பல சர்வர்களில் தேடியது. அதனால் ஆள் உடனே கிடைத்தார். ஆனால் கிடைத்தவர் வேற்றூர்க்காரர். அரை மணி நேரத்தில் பிரிந்தால் மறுபடி பார்க்கப்போவதில்லை. பொருளை அபகரித்துக்கொண்டு ஓடினாலும், செத்தவருக்குக் கைகொடுத்து உதவினாலும், அது யார் நினைவிலும் நிற்காது. வணக்கம் சொல்வதுகூடக் குறைந்தது என்று அந்தக் காலத்து ஆட்டக்காரர்கள் இன்றும் முணுமுணுப்பார்கள்.

எங்களுக்கு இது நன்றாகப் புரிவதற்குக் காரணம் மேப்பிள்ஸ்டோரி. சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்குமான அதன் சர்வர் 2005இல் திறந்தது. நாங்கள் இறங்கியது அடுத்த ஆண்டு. கெர்னிங் சிட்டி என்ற இருண்ட நகரத்தில் லாகெலிஸ் என்றொரு பெண் நிற்பாள். லெவல் 21 முதல் 30 வரை உள்ள நான்கு பேர் குழுவாகப் போனால் உள்ளே அனுப்புவாள். ஆனால் ஒரு சானலில், அதாவது சர்வரின் ஒரு கிளையில், ஒரே சமயத்தில் ஒரு குழுவுக்குத்தான் இடம். உள்ளே இருப்பவர்கள் வெளியே வரும் அந்தக் கணத்தில் யார் விரல் அவள்மேல் விழுகிறதோ அவர்கள் நுழையலாம். அதனால் அவளைச் சுற்றி எப்போதும் கூட்டம். பொங்கோல்காரன் அப்போது ஈசூனில் இருந்தான். அவன் வீட்டுக் கணினியின் மவுஸில் இடப்பக்கப் பொத்தான் அந்த ஆண்டு இரண்டு முறை உடைந்தது. அவன் அம்மா காரணம் கேட்டபோது கணக்கு வீட்டுப்பாடம் என்றான்.

குழு நால்வருக்கு, நாங்கள் ஐவர். அண்ணன் தன் அக்காவுடன் கணினியைப் பங்கிட்டுக்கொண்டதால் லெவலில் எப்போதும் பின்தங்கியிருப்பார். அவரைத்தான் வெளியே விட்டுவிட்டுப் போவோம். திரும்பி வந்து பார்த்தால் லாகெலிஸ் பக்கத்தில் உட்கார்ந்து யாருடனாவது கதை பேசிக்கொண்டிருப்பார். அப்படிப் பழகிய ஜொகூர் பாருப் பையன் ஒருவன், இன்று அவனும் இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா, ஒவ்வொரு தீபாவளிக்கும் முறுக்கு டப்பாவோடு பாலம் தாண்டி வருகிறான். உள்ளே போன எங்கள் நால்வருக்கும் அந்த விளையாட்டில் ஒரு புது நண்பர்கூடக் கிடைக்கவில்லை.

இனி, மிச்சமிருந்த நான்கு தேர்வுகள்.

ஃபைனல் ஃபேன்டஸி 14க்குத்தான் முதலில் என் ஓட்டு. நேரம் அவ்வளவு பொருந்தியது. ஜப்பான் நமக்கு ஒரு மணி நேரம்தான் முன்னால். நம் இரவு பத்து அங்கே பதினொன்று, சர்வர் நிரம்பி வழியும். ஜப்பானிய சர்வர்களில் டோன்பெரி என்ற ஒன்று, தென்கிழக்காசியாவில் ஆங்கிலம் பேசும் ஆட்டக்காரர்கள் கூடும் இடமாக நெடுநாளாகப் பெயர் பெற்றது. இங்கும் பொத்தான்தான், ஆனால் மரியாதைக்கு வழி செய்திருக்கிறார்கள். நிலவறை முடிந்ததும் கூட வந்த அந்நியர் ஒருவருக்கு ஒரு பாராட்டுப் புள்ளி கொடுக்கலாம். தமக்கே கொடுத்துக்கொள்ள முடியாது. ஜப்பானியருக்கும் நமக்கும் இடையில் மொழி ஒரு தடையாகாதபடி தயார் நிலையிலுள்ள சொற்றொடர்கள் இருக்கின்றன. நாம் ஆங்கிலத்தில் தேர்ந்தெடுத்தால் அவர்கள் திரையில் ஜப்பானியத்தில் தெரியும். 2022 ஏப்ரலில் இன்னொரு படி போனார்கள்: கதையின் நிலவறைகள் பலவற்றில் அந்நியர்களே வேண்டாம், கணினி ஓட்டும் பாத்திரங்களோடு போய்க்கொள்ளலாம். தாதித் தோழிக்கு இது மிகவும் பிடித்துவிட்டது. இரவுப் பணி முடிந்து விடிகாலையில் வந்தாலும் தனியாக விளையாடலாம், யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டாம் என்றாள். அவள் சொல்வது நியாயம். ஆனால் என் கேள்விக்கு அங்கே கிடைத்த பதில் பொம்மை. தவிர, சாதாரண நிலவறைக்கு அங்கும் நான்கு பேர்தான். மறுபடியும் அண்ணனை வெளியே நிறுத்துவதா?

கில்ட் வார்ஸ் 2 என்னை ஏமாற்றிய இடம் சுவையானது. 2012 ஆகஸ்ட்டில் வந்தது, ஒரு முறை வாங்கினால் போதும், மாதச் சந்தா இல்லை. பெரும்பாலும் திறந்த வெளி. அரக்கனை யார் அடித்தாலும் அவரவருக்குத் தனிப் பரிசு. ஒரே பாறையை நூறு பேர் வெட்டினாலும் நூறு பேருக்கும் தாது கிடைக்கும். விழுந்து கிடப்பவரைத் தூக்கிவிட்டால் அனுபவப் புள்ளி சேரும் என்பதால் அந்நியர்கள் ஓடிவந்து தூக்குகிறார்கள். எவர்குவெஸ்ட்டின் சண்டை சச்சரவு எதுவும் இல்லாத பொது நிலம். இதுதான் விடை என்று நினைத்தேன். ஒரு மாதம் தனியாக விளையாடிப் பார்த்தேன். டெக்வாட்டில் என்ற பெரிய டிராகனை ஐம்பது அறுபது பேரோடு சேர்ந்து வீழ்த்தினேன். ஒரு பெயர்கூட நினைவில் இல்லை. 2014இல் அவர்கள் சர்வர் எல்லைகளை அழித்து, எந்த வரைபடத்தில் இடமிருக்கிறதோ அங்கே ஆட்களைக் கொட்டும் முறைக்கு மாறியதில் பாதிக் காரணம் இருக்கிறது. நேற்று பக்கத்தில் நின்றவர் இன்று வேறு பிரதியில் நிற்பார். நிலம் பொதுவாக இருந்தும் அக்கம்பக்கம் இல்லை. தனி நிலவறைதான் எல்லாவற்றையும் கெடுத்தது என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு இது ஒரு குட்டு.

ஆல்பியன் ஆன்லைனைப் பற்றித் துறைமுகக்காரன் மட்டும் வாதாடினான். ஆசியாவுக்கான அதன் சர்வர் 2023 மார்ச்சில் சிங்கப்பூரிலேயே திறக்கப்பட்டது. சர்வர் தூரத்தில் இருந்தால் நாம் பொத்தானை அழுத்தியது அங்கே போய்த் திரும்பத் தாமதமாகும். அந்தத் தூரத்தின் கணக்கை இங்கே சொல்லிவிடுகிறேன். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். சிட்னி இங்கிருந்து சுமார் 6,300 கிலோமீட்டர். போய்த் திரும்ப 63 மில்லிவிநாடிக்குக் குறைய வழியே கிடையாது, நடைமுறையில் இன்னும் கூடும். தோக்கியோவுக்கு 53. ஐரோப்பா என்றால் நூறைத் தாண்டும். ஆல்பியனுக்கு இந்தக் கவலையே இல்லை. ஆனால் அதன் ஆபத்தான மண்டலங்களில் செத்தால் உடம்பில் இருப்பதெல்லாம் கைவிட்டுப் போகும். நாம் நிலவறைக்குள் நுழைவதைப் பார்த்த இன்னொரு கூட்டம் பின்னாலேயே நுழையலாம். அந்தப் பயத்தில் கில்டுகள் இரும்பாக இறுகும் என்பது உண்மைதான். எங்களைப்போல் மூன்று பேராக நிற்பவர்கள் காலி இடத்துக்கு அந்நியனை அழைத்தால், வந்தவன் வேவுக்காரனா என்று இரவு முழுக்கச் சந்தேகப்பட வேண்டும். ஷிஃப்ட் முடிந்து வருபவனுக்கு அந்தப் பரபரப்புப் பிடிக்கலாம். இரட்டைக் குழந்தைக்காரன் ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டான்.

ஆக, வார்கிராஃப்ட் கிளாசிக். பழைய 2004 உலகத்தை 2019 ஆகஸ்ட்டில் மறுபடி திறந்தபோது, பொத்தானை அழுத்தினால் ஆள் கொண்டுவரும் அந்த இயந்திரத்தைச் சேர்க்காமல் விட்டார்கள். நிலவறை தனிப்பிரதிதான், இரண்டு மணி நேரத்தில் ஒன்றை முடித்துவிடலாம், வரிசை கிடையாது. ஆனால் கதவு வரை நடந்து போக வேண்டும், குறைகிற ஆளைப் பேசித்தான் சேர்க்க வேண்டும். சேர்ந்தவர் அதே சர்வர்க்காரர், அடுத்த வாரமும் கண்ணில் படுவார். குழு ஐவருக்கு. குறையும் இருக்கிறது: சர்வர் சிட்னியில், நம் பத்து மணிக்கு அங்கே நள்ளிரவு, கோடையில் ஒரு மணி. ஊர் தூங்கப் போகும் நேரத்தில் நாங்கள் கடை திறக்கிறோம். மாதச் சந்தா உண்டு. படமும் பழசு; தாதித் தோழி முதல் நாள் பார்த்துவிட்டு, இதற்கு மேப்பிளே தேவலை என்றாள்.

அண்ணன் ஒரு நிபந்தனை வைத்தார். நாங்கள் ஐவரும் டிஸ்கார்ட் என்ற குரல் அழைப்புச் செயலியில் தமிழில் பேசிக்கொண்டே விளையாடினால், கூட வருகிற அந்நியருக்கு நாங்களே பூட்டிய அறைதான் என்றார். யோசித்துப் பார்த்தால், இன்ஸ்டன்ஸ் செய்ததாக நான் சொன்ன குற்றத்தில் பாதியை இந்தக் குரல் அழைப்புகள் செய்திருக்கின்றன. எனவே வெளியாள் வந்தால் விளையாட்டுக்குள்ளேயே தட்டச்சு செய்து பேசுவது என்று முடிவு செய்தோம். துறைமுகக்காரனுக்கு இது இன்னும் எரிச்சல்.

நான்காம் வாரமே சோதனை வந்தது. தாதிக்கு இரவுப் பணி, இரட்டையரில் ஒன்றுக்குக் காய்ச்சல். மூன்று பேராக வெயிலிங் கேவர்ன்ஸ் குகைக்குப் போனோம். அந்தக் குகையின் முன்பகுதி பொது, அதைச் சுற்றி அலைந்து உள்வாசலைக் கண்டுபிடித்த பிறகுதான் தனிப்பிரதி தொடங்கும். காயம் ஆற்ற ஒருவரும் அடிக்க ஒருவரும் வேண்டும் என்று பொதுச் சாட்டில் எழுதிவிட்டு இருபது நிமிடம் முன்பகுதியில் நின்றோம். அடிப்பதற்கு ஆள் வரவே இல்லை. ஆற்றுவதற்குக் காளைமுகம் கொண்ட ஒருவர் வந்தார். வழியில் இரண்டு முறை செத்து, மூன்றாம் முறை வழி தவறி, தன் பாட்டுக்குப் புலம்பிக்கொண்டே வந்தார். பெர்த் ஊர்க்காரர், நமக்கும் அவருக்கும் ஒரே நேரம். நால்வராகவே உள்ளே போய் மூன்றாவது தலைவனிடம் தோற்று நள்ளிரவில் கலைந்தோம். மறு வாரம் நாங்கள் உள்ளே வந்த ஐந்தாவது நிமிடத்தில், இன்றைக்கு இடம் இருக்கிறதா என்று அவரிடமிருந்து ஒரு வரி வந்தது.

இந்த வெள்ளிக்கிழமை தாதிக்கு விடுப்பு, குழந்தைக்கும் காய்ச்சல் இறங்கிவிட்டது. பெர்த்காரரும் வருகிறார். ஆறு பேர் ஆகிறோம், கதவு ஐவருக்கு. தான் முன்பகுதியிலேயே நின்றுகொள்வதாக அண்ணன் சொல்லிவிட்டார்.